“இந்த இடத்தைக் கேளுங்க!”

இசைத்தட்டு ரசிகர் என்று ஒரு பிராணி உண்டு. அதில் ஜாஸ் இசைத்தட்டு ரசிகர் தனி உட்பிரிவு. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. மனிதரைப் போலவே தொப்பி போட்டிருப்பார், மனிதரைப் போலவே சலூனில் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நம்பி அவர் வீட்டுக்குப் போவீர்கள். உங்களை நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தட்டை உறையிலிருந்து பிறந்த குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து, சுழலவிட்டு, ஊசியை இறக்கி, எதிரே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அடடா, எவ்வளவு அமைதியான மனிதர் என்று நினைப்பீர்கள். பாட்டு தொடங்கும். எல்லோரும் சேர்ந்து ஊதி முடிப்பார்கள். ஒருவர் மட்டும் தனியாக ஊத முன்னால் வருவார். சரியாக அந்த நொடியில் நம் ஆள் கண்ணைத் திறந்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி, உங்கள் முழங்காலில் ஒரு தட்டு தட்டி, “இந்த இடத்தைக் கேளுங்க!” என்பார்.

அதோடு அந்த இடம் காலி.

ஏன் கேட்க வேண்டும் என்று அவர் விளக்க வேண்டாமா? இதை ஊதியவர் யார், அன்று காலை அவருக்கு என்ன பல்வலி, யாருடைய சாக்ஸபோனை இரவல் வாங்கி ஊதினார், இதே பாட்டை இரண்டு வருஷம் முன்னால் வேறொரு கம்பெனிக்கு எப்படி ஊதினார், அது ஏன் இதைவிட அரை மாற்றுக் குறைவு, அந்தத் தட்டைத் தேடி இவர் எந்தெந்த ஊர்ப் பழைய சாமான் கடைகளில் முட்டி போட்டார், எவன் அதைக் கடைசி நிமிஷத்தில் தட்டிக்கொண்டு போனான், அவன் எப்படி உருப்படாமல் போனான் என்பதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது ஊசி தட்டின் நடுவில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருக்கும். “எப்படி?” என்பார். “பிரமாதம்” என்பீர்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் கண்ணாடியில் அந்த ஆளுக்குத்தான் நான் முகச்சவரம் செய்கிறேன்.

என் பெயர் வெண்டெல் காஸ்கின்ஸ். பிலடெல்பியாவில் ஜெர்மன்டவுன் அவென்யூ வழியாகப் போகும் இருபத்துமூன்றாம் எண் டிராமை இருபத்தாறு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவன். ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்று என் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கியது. இருபத்தாறு வருஷப் பேச்சு அப்படியே உள்ளே தேங்கிவிட்டது. வேலையை விட்ட மறுநாள் மடை திறந்தது. என் மாமனாரின் இறுதிச் சடங்கில், தேவாலயம் முழுக்க விம்மிக்கொண்டிருந்தபோது, ஆர்கன் வாசித்தவர் ஓரிடத்தில் இடது கையால் ஏதோ அழகு செய்தார், நான் அழுதுகொண்டிருந்த என் மனைவி வெர்லீனை முழங்கையால் இடித்து, “இந்த இடத்தைக் கேளு!” என்றேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் எனக்கு வீட்டில் சூடாக எதுவும் கிடைக்கவில்லை. அது நியாயம்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளவில்லை, அந்த இடது கை அவ்வளவு நன்றாக இருந்தது.

இப்படிப்பட்ட மூன்று பேர் ஒன்று சேர்ந்தால் அதற்குச் சங்கம் என்று பெயர். எங்கள் சங்கத்தின் பெயர் ‘சனிக்கிழமைக் கேட்போர் சங்கம்’. சிரிக்காதீர்கள், பெயர் வைத்தபோது எங்களுக்கு நல்ல எண்ணம்தான் இருந்தது. க்ளிஃப்டன் மேப்ரியின் சலவைக் கடைக்கு அடியில் ஒரு நிலவறை. மேலே நீராவி இஸ்திரி சீறும். கீழே பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். நடுவில் மேப்ரியின் மிஷின். ஊரிலேயே நல்ல மிஷின் என்பது மேப்ரியின் கருத்து. அதை மறுத்தவர்கள் இப்போது சங்கத்தில் இல்லை. வெள்ளைக் கையுறை மாட்டாமல் அவர் ஊசியைத் தொடமாட்டார். மற்றவர்கள் கையுறை மாட்டினாலும் தொடக்கூடாது. மூன்றாமவர் ரூஸ்வெல்ட் டிக்ஸ், தபாலாபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். அவருக்குப் பாட்டில் அவ்வளவு அக்கறை கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாள் எந்த வருஷத்து நீலம், ஓரத்தில் கீறியிருக்கும் எண் என்ன என்பதில்தான் உயிர். முகவரியைப் பார்த்தே பழகியவர், கடிதத்தைப் படிப்பாரா?

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒருவர் தன் தட்டைக் காகிதப் பையில் மறைத்துக் கொண்டுவருவார். உறை தெரியாமல் போட வேண்டும். ஊதுவது யார், எந்த வருஷம் என்று மற்ற இருவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் போய் எல்லோருக்கும் காரம் ஊற்றிய மீன் சாண்ட்விச் வாங்கி வர வேண்டும். பத்து வருஷமாக நடக்கிறது. அந்தப் பத்து வருஷத்தில் எங்கள் மூவரில் ஒருவர்கூட “தெரியாது” என்ற சொல்லைச் சொன்னதில்லை. மீனுக்குப் போவோம், ஆனால் தப்பு என்று ஒப்புக்கொண்டு போகமாட்டோம். “தட்டின் உறையில் தப்பாக அச்சடித்திருக்கிறான்” என்று சொல்லிவிட்டுத்தான் போவோம்.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அந்த நிலவறைப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒடெஸா பர்ன்லி இறங்கி வந்தார். எழுபத்துநாலு வயது. மேப்ரியின் பழைய வாடிக்கைக்காரர். தேவாலயத்தில் வாசல் காப்பவர். ஜெபம் நடக்கும்போது யாராவது தாமதமாக வந்தால் வெள்ளைக் கையுறை போட்ட கையை உயர்த்துவார். நகரசபை உறுப்பினராக இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த வெள்ளைச் சீருடையை மேப்ரிதான் முப்பது வருஷமாக வெளுக்கிறார். அன்று ஒரு கையில் தலையணை உறை, இன்னொரு கையில் ‘பை’ என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம்.

“மேப்ரி, ஒங்கிட்ட ஏதோ நல்ல மிஷின் இருக்காமே?”

“ஊர்லயே நல்லது மிஸ் ஒடெஸா.”

“அதான் வந்தேன். இது எங்க லின்வுட் ஊதின தட்டு. என் தம்பி. ஒரே ஒரு தட்டுதான் ஊதினான், ரெண்டு வருஷத்துல கார் கவுந்து போயிட்டான். எங்க வீட்டுக்காரர் சர்ச்சுல டீக்கன், ஒங்களுக்குத் தெரியுமே. இந்தச் சங்கீதம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டார். இருபத்தெட்டு வருஷமா பொட்டிக்குள்ளயே கெடந்துச்சு. அவரும் போன வசந்தத்துல போயிட்டார். மாசக் கடைசில நான் அட்லாண்டாவுக்கு மக வீட்டுக்கே போறேன், திரும்பி வர்றதா இல்ல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எந்தம்பியக் கேக்கணும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? ஒரு தடவை கேட்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

தலையணை உறைக்குள்ளிருந்து தட்டு வெளியே வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். ஒரு வாடகை அறையில் பதிவு செய்து, இருநூறு பிரதி அடித்து, கம்பெனியே மூடிப்போன தட்டு. டிக்ஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“அறுபது. இந்த நீலம் அறுபதுலதான் வந்துச்சு.”

“அம்பத்தொம்பது, ராசா. ஈஸ்டருக்கு முந்தின வாரம். நான்தான் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்” என்றார் ஒடெஸா.

“அப்படித்தான் எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க” என்றார் டிக்ஸ்.

நான் விடுவேனா? ஐம்பத்தொன்பதுதான் என்று வாதாடினேன், அந்த அம்மா சொன்னதற்காக அல்ல, டிக்ஸ் அறுபது என்றதற்காக. ஒரு மணி நேரம் போனது. பிறகு மேப்ரி தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து, தலையை ஆட்டினார். “இருபத்தெட்டு வருஷத் தூசி மிஸ் ஒடெஸா. இப்ப ஊசிய எறக்கினா பள்ளமெல்லாம் போயிரும். கழுவி, காய வச்சு, அடுத்த வாரம் போடறேன்.” ஒடெஸா எங்கள் வாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், “சரிப்பா” என்று படியேறிப் போனார். நாங்கள் கிழங்குப் பையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை ஒடெஸா இன்னொரு கிழங்குப் பையோடு வந்தார். மேப்ரி கையுறை மாட்டி ஊசியை இறக்கினார். இரண்டு சாக்ஸபோன் சேர்ந்து ஒரு மெட்டைத் தொடங்கின. ஒடெஸா கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடினார்.

இரண்டு சாக்ஸபோன்! ஒருவர் பின் ஒருவராகத் தனியாக ஊதப் போகிறார்கள். உறையிலோ பெயர்கள் மட்டும்தான் இருந்தன, யார் முதலில் என்று இல்லை. எங்கள் இனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த அம்மா கேட்காத கேள்வி ஒன்று எனக்குத் தெளிவாகக் கேட்டது: இதில் லின்வுட் யார்? முதல் ஆள் தொடங்கினதுமே என் விரல் எழுந்தது.

“இந்த இடத்தைக் கேளுங்க! இது ஒங்க தம்பி இல்ல மிஸ் ஒடெஸா. இது அந்தக் குழுத் தலைவர். பாருங்க, அழுத்தி ஊதறார், வயசான மூச்சு. ஒங்க தம்பிக்கு அப்ப முப்பத்தேழு.”

“முப்பத்தஞ்சுய்யா” என்றார் டிக்ஸ்.

“அதோ, ரெண்டாவது ஆள்! இதுதான் லின்வுட். சத்தியம் பண்றேன். வடக்குப் பிலடெல்பியாக்காரன் வாடை அடிக்குது பாருங்க!” என்றேன் நான்.

“இந்த மைக்கு அவருக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு” என்றார் மேப்ரி.

மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் இதே கச்சேரி. நடுவில் ஒடெஸா எதையோ சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் டிக்ஸ் ஒரு தேதி சொன்னார். போகும்போது ஒடெஸா, “ரெண்டாவது ஆளா?” என்று என்னிடம் கேட்டார்.

“சந்தேகமே வேண்டாம்.”

“அப்படியா” என்றார். எவ்வளவு நெகிழ்ந்துபோய்விட்டார் பார் என்று நான் டிக்ஸிடம் சொன்னேன்.

புதன்கிழமை டிக்ஸ் போன் செய்தார். குரலில் அப்படி ஓர் ஆனந்தம். அந்தத் தட்டில் டிரம்ஸ் அடித்த கிழவர் கேம்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். டிக்ஸ் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டாராம். “மொத ஆள்தான் லின்வுட்! தலைவர் ரெண்டாவதாத்தான் எப்பவும் ஊதுவாராம். யோவ் வெண்டெல், நீ தப்பு! லைன்ல இருக்கியா? தப்புன்னேன்!” வருஷம்? அதையும் கேட்டேன். கிழவர் ஐம்பத்தொன்பது என்றாராம். “அந்த ஆளுக்கு ஞாபக மறதி” என்று டிக்ஸ் போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீனுக்குப் போக வேண்டும் என்பதல்ல விஷயம். ஒரு அக்கா இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து தம்பியைக் கேட்க வந்தார். அவன் ஊதும்போது இது உன் தம்பி இல்லை என்று நான் அடித்துச் சொல்லி, யாரோ ஒருவரைக் காட்டி இவன்தான் என்று அனுப்பியிருக்கிறேன். அவர் அட்லாண்டா போய் அந்த வேறு ஆளை நினைத்து அழுதுகொண்டிருப்பார். வெட்கமாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்லிப் பழக்கமில்லாததால் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். “நான் தப்பாச் சொல்லிட்டேன். நான்... தப்பாச் சொல்லிட்டேன்.”

கதவுக்கு வெளியே வெர்லீன். “இன்னொரு தடவை சொல்லுங்க. இந்த இடம் ரொம்ப நல்லா இருக்கு.”

மூன்றாவது சனிக்கிழமை ஒடெஸா பயணக் கோட்டு, தொப்பி, வெள்ளைக் கையுறையோடு வந்தார். கையில் கிழங்குப் பை இல்லை. மகள் மேலே கார் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தாள். அன்று மாலையே ரயில். நான் எழுந்து நின்றேன். “மிஸ் ஒடெஸா, போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன்” என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தப்பு ஏன் நேர்ந்தது என்று விளக்க வேண்டாமா? தலைவர் ஊதும் பாணி, அதைக் கேட்டு என்னைப் போன்ற அனுபவசாலியே ஏமாறக்கூடிய காரணங்கள் மூன்று, கேம்டன் கிழவர், அவர் முன்பு யார் யாருக்கு அடித்தார்... டிக்ஸ் இடையில் புகுந்து கிழவரைக் கண்டுபிடித்தது தான்தான் என்றார். மேப்ரி மைக்கைப் பற்றித் தொடங்கினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒடெஸா கையை உயர்த்தினார்.

வெள்ளைக் கையுறை போட்ட கை, உள்ளங்கை எங்களைப் பார்த்து. சின்ன வயதிலிருந்து தேவாலய வாசலில் அப்படிப்பட்ட கைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

“மொத ஆள்தான் அவன்னு எனக்குத் தெரியும்யா. ஊதறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு இழுப்பான். கல்யாணத்துக்கு முன்னாடி பக்கத்து ரூம்ல ஆறு வருஷம் அதக் கேட்டுட்டுதான் நான் தூங்கினேன். போன வாரம் அந்த ஒரு மூச்சு காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான் விழுந்துச்சு. அதுக்கு மேல நீங்க மூணு பேர்தான் ஊதினீங்க.”

டிக்ஸ் பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“எது அவன்னு நான் ஒங்கள எப்பக் கேட்டேன்? எந்த வருஷம்னு கேட்டேனா? அவனக் கேக்கணும்னேன். மூணு சனிக்கெழம, ரெண்டு கெழங்குப் பை. இன்னும் கேக்கல. மேப்ரி, தட்டப் போடு. நீங்க ரெண்டு பேரும் ஒக்காருங்க. எவனாவது வாயத் தொறந்தீங்க, காதப் புடிச்சுப் படியேத்தி விட்டுருவேன்.”

உட்கார்ந்தோம். ஊசி இறங்கியது. இரண்டு சாக்ஸபோனும் மெட்டை ஊதி முடித்தன. ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், நான் போன வாரம் மூன்று முறை பேசி மூடிய அதே இடத்தில், ஒரு மனிதன் மூக்கால் மூச்சை இழுத்தான்.

ஒடெஸா, “வாடா” என்றார். மெதுவாக, கதவைத் திறந்துவிட்டவரைப் போல.

அதற்கு மேல் அவன் ஊதினதை நான் விவரிக்கப் போவதில்லை. எனக்கே ஆச்சரியம்தான். பத்து வருஷத்தில் அந்த நிலவறையில் நான் முழுதாகக் கேட்ட முதல் பாட்டு அது என்று மட்டும் சொல்கிறேன். முழுதாக என்றால், முக்கால்வாசி. ஏனென்றால் நடுவில் லின்வுட் ஓரிடத்தில் மேலே ஏறப் போவதுபோல் போய், ஏறாமல், ஒரு சுரத்தை அப்படியே தொங்கவிட்டான். என்னை அறியாமல் என் விரல் எழுந்துவிட்டது. வாயும் திறந்துவிட்டது. ஒடெஸா கண்ணைத் திறக்கவில்லை. கையுறைக் கையை நீட்டி, என் விரலைப் பிடித்து, என் முழங்காலில் அழுத்தி, பாட்டு முடியும்வரை அங்கேயே வைத்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க இன்னொரு கை இருந்தும் அவர் துடைக்கவில்லை.

“இன்னொரு தடவை” என்றார். மேப்ரி மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போட்டார். பிறகு ஒடெஸாவே தட்டை வாங்கித் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார். சங்கத்துக்கு விட்டுவிட்டுப் போவார் என்று டிக்ஸுக்கு ஒரு நப்பாசை இருந்தது; அது படியேறிப் போவதை அவர் கடைசிப் படிவரை பார்த்தார். மேலே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மேப்ரி கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்று நினைத்தேன்.

“அந்த மூச்சு அவ்வளவு தெளிவாக் கேக்குதுன்னா,” என்றார் டிக்ஸ், “இது மொத நூறு பிரதில ஒண்ணு.”

“மைக்கு பக்கத்துல இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார் மேப்ரி.

“ரெண்டு பேரும் தப்பு” என்றேன் நான். மீன் வாங்கப் போகும்போது இருட்டிவிட்டது.

நீங்கள் இந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். உங்களிடம் தட்டும் இல்லை, மிஷினும் இல்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது ஏதோ ஓரிடத்தில், பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தட்டி, “இந்த இடத்தைக் கேளேன்” என்று வாய்விட்டு வாசித்துக் காட்டத் தோன்றியதா? தட்டியேவிட்டீர்களா? அப்படியானால் கொஞ்சம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பாருங்கள். அவர் உங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தார். இது இரண்டாவது தடவை.